கடல் தாண்டிப் போன சொந்தம் இண்டர்நெட்டில் தேடுது! கொடும்பாளூர் பக்கம் பதில் சொல்வது எப்படி?

கொடும்பாளூர்:-

"எங்க பூட்டன் புதுக்கோட்டை பக்கம்னு சொல்வாங்க. எந்த ஊருன்னு தெரியல. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்..."

தென் ஆப்பிரிக்கா, மொரீஷியஸ், மலேசியா, இலங்கை மலையகம் என்று பல நாடுகளில் வாழும் தமிழர்கள் இண்டர்நெட்டில் கேட்கும் கேள்வி, சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

தாத்தாவின் தாத்தா எந்த ஊர், யார் மகன், அவரோடு பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடுவதற்காகவே தனி வெப்சைட்டுகள் இருக்கின்றன. அதில் கோடிக்கணக்கான பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் கேள்வி வருகிற அளவுக்கு ஊர்ப் பக்கம் இருந்து பதில் போவதில்லை.

தேடுகிறவர்களிடம் சீட்டு இருக்கிறது, ஊர் தெரியவில்லை. ஊரில் இருக்கிறவர்களிடம் பேச்சு இருக்கிறது, சீட்டு இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். சேர்ப்பது எப்படி? ஏமாறாமல் இருப்பது எப்படி? இதோ விவரம்.

கல்லில் செதுக்கிய குடும்ப மரம்

வம்சத்தை எழுதி வைப்பது கொடும்பாளூருக்குப் புதுசு இல்லை.

திருச்சி - மதுரை ரோட்டில் விராலிமலையைத் தாண்டி வரும் இந்த ஊர், ஒரு காலத்தில் இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகரம். 63 நாயன்மார்களில் ஒருவரான இடங்கழி நாயனார் இந்த ஊர்க்காரர். கல்கியின் பொன்னியின் செல்வனில் வரும் வானதியும் கொடும்பாளூர் இளவரசிதான்.

இங்குள்ள மூவர் கோவிலைக் கட்டியவர் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் மன்னர். மூன்று கோவில்களில் இப்போது முழுசாக நிற்பது இரண்டுதான். மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கோவிலில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. மன்னரின் முன்னோர் யார் யார் என்று தலைமுறை தலைமுறையாக அதில் பெயர் சொல்லி வருகிறது.

மன்னரின் அப்பா பெயர் சமராபிராமன். அம்மா அனுபமா, சோழ இளவரசி. மனைவிகள் கற்றளி, வரகுணா என்று இருவர். கற்றளி பெற்ற பிள்ளைகள் பராந்தகன், ஆதித்தவர்மன். தன் பெயரில் ஒன்று, இரண்டு மனைவிகள் பெயரில் ஒவ்வொன்று என மூன்று கோவில் கட்டிய விவரமும் அதிலேயே இருக்கிறது.

அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள். இன்றைக்கு வெப்சைட்டில் 'குடும்ப மரம்' என்று கட்டம் கட்டமாகப் போடுகிறார்களே, அதில் கேட்கும் விவரம் அத்தனையும் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே கல்லில் ஏறிவிட்டது.

ஆனால் கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துவிட்டது. அதனால் அந்த வம்சத்தின் முதல் பெயர் யாருக்கும் தெரியாது. அரண்மனைக்காரர்களுக்கே இந்த நிலைமை என்றால், கூலி வேலைக்குக் கப்பல் ஏறியவர்களின் கதையைக் கேட்கவே வேண்டாம்.

யார் போனார்கள்? எங்கே போனார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளில் 1834-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. அப்போது இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டு போனார்கள்.

மொரீஷியசுக்கு மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்கள் இறங்கிய படித்துறை இப்போது 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு முதல் கப்பல் 1860 நவம்பர் 16-ந்தேதி போய்ச் சேர்ந்தது. 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல் சென்னையில் இருந்து புறப்பட்டது. 1911 வரை சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர் இப்படிப் போனார்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60 ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள்.

புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் அதிகமாகப் போனது சிலோனுக்குத்தான். முதலில் காப்பித் தோட்டம். 1867-க்குப் பிறகு தேயிலைத் தோட்டம். பஞ்சம் வந்தால் போதும், கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். குடும்பம் குடும்பமாக நடந்தே கடற்கரை போய், தோணி ஏறி மன்னார் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்துப் போனவர்கள் ஏராளம். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்தது.

மலேயாவுக்கும் இதே கங்காணி முறையில் ஆள் போனது. 1938-ல் அது நிறுத்தப்பட்டது. நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு போன 'ரஜூலா' கப்பலின் பெயர் பெரியவர்கள் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அவர்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது?

ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்டு ரெஜிஸ்தரில் எழுதினார்கள்.

டர்பன் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை இருக்கும். மொரீஷியசில் மோக்கா என்ற இடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்த மாதிரி ரெஜிஸ்தர்களைக் காத்து வைத்திருக்கிறது. அங்கே பலருடைய போட்டோவும் உண்டு. தன் பாட்டன் பெயரைச் சொல்லி விண்ணப்பம் போட்டால் தேடிக் கொடுக்கிறார்கள்.

இப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. டிரினிடாட் நாட்டின் பிரதமராக இருந்த கம்லா பெர்சாத் பிஸ்ஸேசர், 2012 ஜனவரியில் பீகார் மாநிலம் பக்சர் மாவட்டத்தில் உள்ள பேலுப்பூர் கிராமத்துக்கு வந்தார். அவரது கொள்ளுத்தாத்தா 1889-ல் அந்த ஊரில் இருந்து கப்பல் ஏறியவர். நாலு தலைமுறை கழித்துப் பேத்தி வந்து ஊர் மண்ணை மிதித்தார்.

சிலோன் கதை வேற. அங்கே கங்காணி முறை என்பதால் ஆளுக்கொரு கப்பல் சீட்டு கிடையாது. 1900-களின் தொடக்கத்தில் தகரத்தில் நம்பர் அடித்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். தோட்டம் மாறும்போது கடன் கணக்கு எழுதிய 'துண்டு' என்ற சீட்டு கொடுப்பார்கள். 1921-ல் அதையும் ஒழித்துவிட்டார்கள். ஆகவே மலையகத் தமிழர்களுக்குத் தோட்டத்தின் பெயரும், வீட்டுப் பேச்சும்தான் ஆதாரம்.

ஆனால் அதிலும் ஒரு வழி இருக்கிறது. கங்காணி தன் சொந்த ஊர், சுற்றுவட்டார ஜனங்களைத்தான் கூட்டிப் போனார். ஆகவே ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பார்கள். தன் பூட்டன் ஊர் தெரியாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் பூட்டன் ஊர் தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி.

எந்த வெப்சைட்டில் தேடுகிறார்கள்?

'பேமிலி சர்ச்' என்ற வெப்சைட் முழுக்க இலவசம். அமெரிக்காவில் உள்ள ஒரு கிறிஸ்தவ சபை நடத்துகிறது. எந்த மதத்தவரும் பார்க்கலாம். உலகம் முழுக்க உள்ள பழைய ரெஜிஸ்தர்களைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'விக்கி ட்ரீ'யும் இலவசம். 'ஜெனி', 'மை ஹெரிட்டேஜ்', 'ஆன்செஸ்ட்ரி' ஆகியவற்றில் சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். இதுபோக பேஸ்புக்கில் நாடு வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஒருவர் தன் குடும்ப மரத்தைப் போடுகிறார். அதில் உங்களுக்குத் தெரிந்த பெயர் இருந்தால், வெப்சைட் வழியாகவே அவருக்குத் தகவல் அனுப்பலாம். இ-மெயில் முகவரியோ, செல்போன் நம்பரோ தெரிய வேண்டியது இல்லை.

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை இந்த வெப்சைட்டுகள் பொதுவாக மற்றவர்களுக்குக் காட்டாது. இறந்தவர்கள் பெயர் மட்டும்தான் வெளியே தெரியும். ஆனால் பேஸ்புக்கில் அந்தத் திரை கிடையாது. அங்கே எதையும் யோசித்துப் போட வேண்டும்.

தகவல் எழுதுவதில்தான் சூட்சுமம்

பல பேர் செய்யும் தப்பு, "நானும் புதுக்கோட்டைதான், நீங்க யாரு?" என்று ஒரு வரியில் எழுதி அனுப்புவது. அதைப் படிக்கிறவர் என்ன பதில் எழுதுவார்?

இன்னொரு தப்பு, தாத்தா முதல் பேரன் வரை மூன்று பக்கம் எழுதுவது. அதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

பெயர், தகப்பன் பெயர், ஊர், சுமாரான வருஷம், கூடப் பிறந்தவர் பெயர் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. தன்னிடம் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்குவதோடு கொடுக்கவும் தயார் என்று தெரிந்தால்தான் எதிராளிக்கு நம்பிக்கை வரும்.

கற்பனையாக ஒரு மாதிரி கடிதம் வருமாறு:-

"வணக்கம். உங்கள் குடும்ப மரத்தில் கருப்பாயி என்ற பெயர் பார்த்தேன். என் பாட்டியின் அம்மா பெயரும் கருப்பாயி. தகப்பனார் சின்னையா. 1890 வாக்கில் பிறந்தவர். ஊர் கொடும்பாளூர் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். மாத்தளை பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அண்ணன் வீரப்பன் ஊரிலேயே தங்கிவிட்டார். உங்கள் வீட்டில் வீரப்பன் என்ற பெயர் பேச்சில் வருமா? என்னிடம் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. விரும்பினால் அனுப்புகிறேன்."

இவ்வளவுதான். தலைப்பில் 'உதவி தேவை' என்று போடாமல், 'சின்னையா மகள் கருப்பாயி, கொடும்பாளூர், மாத்தளை' என்று போட வேண்டும். ஆயிரம் தகவலுக்கு நடுவே கண்ணில் படுவது அதுதான்.

தென் ஆப்பிரிக்கா, மொரீஷியசில் உள்ள பலருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. ஆகவே ஆங்கிலத்திலும் எழுதித் தருவது நல்லது. காலேஜ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்பினால் முறைப் பெயர்கள் தப்பாகப் போய்விடும். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். 'அப்பாவின் தம்பி', 'அம்மாவின் அண்ணன்' என்று பிரித்து எழுதினால் குழப்பம் இருக்காது.

பதில் உடனே வரும் என்று நினைக்கக் கூடாது. குடும்ப மரத்தைப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் உண்டு. அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதைச் சில வெப்சைட்டுகள் காட்டும். பதில் இல்லையென்றால் மாதம் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் தொந்தரவு பண்ணக் கூடாது. அதே மரத்தில் வேறு யார் பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கு எழுதலாம்.

இனிஷியலால் வரும் வில்லங்கம்

வெள்ளைக்காரர்களுக்குத் தாத்தா முதல் பேரன் வரை ஒரே குடும்பப் பெயர். அதை வைத்துத்தான் இந்த வெப்சைட்டுகளே உருவாயின. நமக்கு அது கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக வரும். பிள்ளைக்கு அது மாறிவிடும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை கயிறு அறுந்து போகிறது.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு வேறு கூத்து. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. தென் ஆப்பிரிக்காவில் முதலியார் 'மூட்லி' ஆனார். நாயுடுவும், படையாச்சியும், பிள்ளையும் அங்கே குடும்பப் பெயர்கள். சில குடும்பங்களில் முதலில் போன பூட்டனின் சொந்தப் பெயரே இன்று ஐந்தாவது தலைமுறைக்கும் குடும்பப் பெயராக இருக்கிறது. அவர்கள் தேடும்போது, நம்ம ஊரில் அந்தப் பெயரில் ஒரு குடும்பமே இருக்காது. ஒரு காலத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்திருப்பார்.

எழுத்திலும் குழப்பம்தான். கொடும்பாளூரை ஆங்கிலத்தில் ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுவார். பிரெஞ்சுக்காரர் வேறு மாதிரி எழுதுவார். தேடும்போது உச்சரிப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி 'இல்லை' என்று வந்தால், உண்மையிலேயே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

பெண்கள் விஷயம் இன்னும் கஷ்டம். கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டுப் பக்கமாகவே எழுதுவார்கள். பிறந்த வீடு விட்டுப்போகும். ஆகவே ஒரு பெண்ணின் பெயரை எழுதும்போது பிறந்த ஊர், அப்பா பெயர் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திருச்சியா? புதுக்கோட்டையா?

"சீட்டில் திருச்சி ஜில்லான்னு இருக்கு. ஆனா வீட்ல புதுக்கோட்டைன்னு சொல்றாங்க" என்று சிலருக்குச் சந்தேகம் வரும். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

1948 மார்ச் 3-ந்தேதி வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் ராஜா ஆட்சி. பிறகு இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரி 14-ந்தேதிதான் தனி மாவட்டம் ஆனது. ஆகவே 1948-க்கும் 1974-க்கும் நடுவில் எடுத்த பாஸ்போர்ட்டில் திருச்சி ஜில்லா என்றுதான் இருக்கும்.

தாலுகாவும் அப்படித்தான். சமஸ்தானத்தில் இருந்தது ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்றே தாலுகா. கொடும்பாளூர், விராலிமலை எல்லாம் குளத்தூர் தாலுகா. இலுப்பூர், விராலிமலை தாலுகாக்கள் பிறகு பிரிந்தவை. பழைய சீட்டில் 'குளத்தூர்' என்று பார்த்துவிட்டு, இன்றைய குளத்தூரில் மட்டும் போய் விசாரித்தால் ஆள் கிடைக்க மாட்டார்.

வெளிநாட்டில் இருந்து கேட்பவருக்கு இதெல்லாம் தெரியாது. ஊர்க்காரர் ஒருவர் இரண்டு வரி எழுதினால், அவர் பத்து வருஷம் தவறான இடத்தில் தேடுவது மிச்சம்.

ஊரில் எங்கே விடை இருக்கிறது?

முதல் விடை குலதெய்வம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். கடல் தாண்டிப் போனவர்கள் ஊர்ப் பெயரை மறந்தாலும் சாமி பெயரை மறக்கவில்லை. மாரியம்மன், மதுரை வீரன் என்றால் எல்லா ஊரிலும் உண்டு. அதோடு ஊர்ப் பெயரோ, மலைப் பெயரோ, கண்மாய்ப் பெயரோ சேர்ந்து வந்தால் அதை விடக் கூடாது.

அடுத்தது கோவில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த பழைய நோட்டுகளில் வீட்டுக்கு வீடு ஆண்கள் பெயர் இருக்கும். கல்யாணம், காதுகுத்து மொய் நோட்டில் எந்த ஊர்க்காரர் என்ன முறையில் செய்தார் என்று தெரியும். பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் பேரன், இன்னார் மகன்' என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். பரண் மேல் கிடக்கும் தகரப் பெட்டியைக் கழுவிக் கொட்டும் முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

கிறிஸ்தவர்கள் என்றால் மாதா கோவிலில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பதிவேடு எழுதும் வழக்கம் உண்டு. விராலிமலை பக்கம் ஆவூரில் 300 வருஷத்துக்கு முந்திய பங்கு இருக்கிறது. முஸ்லிம்கள் ஜமாத்தில் உள்ள நிக்காஹ் புத்தகத்தைக் கேட்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு ஆவணங்கள் உள்ளன.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டில் உள்ள பெரியவர்கள்.

அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். அது 1964 டிசம்பர். "தாது வருஷப் பஞ்சத்துல போனாங்க" என்றால் 1876-ல் தொடங்கிய பஞ்சம். ஆனால் தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். வெறும் 'தாது வருஷம்' என்றால் 1936 ஆகவும் இருக்கலாம். ஆகவே பஞ்சமா, வெறும் வருஷமா என்று கேட்டு எழுத வேண்டும்.

கேட்பதைச் செல்போனில் பதிவு செய்து வைத்தால் போதும். எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"சொத்து கேட்டு வர்றாங்களா?"

வெளிநாட்டில் இருந்து யாராவது முன்னோர் பெயர் கேட்டால், ஊரில் முதலில் எழும் சந்தேகம் இதுதான். நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்ற பயத்தில், தெரிந்தாலும் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஊர்ப் பெயர், குலதெய்வக் கோவில், ஒரு பழைய போட்டோ ஆகியவைதான். அவர்களில் பலருக்கு நம்ம ஊர் காணி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

அதற்காக எச்சரிக்கை வேண்டாம் என்று இல்லை. பெயர் சொல்வது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. எந்தப் பேப்பரிலும் படிக்காமல் கையெழுத்தோ, கைநாட்டோ போடக் கூடாது. பட்டா, பத்திர நகல் கேட்டால் காரணம் கேட்க வேண்டும்.

உண்மையான பயம் வேறு பக்கம் இருக்கிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர் மாதிரி நடித்து ஏமாற்றும் கும்பல் வரலாம். "உங்கள் தாத்தா வெளிநாட்டில் பல கோடி சொத்து விட்டுப் போயிருக்கிறார், அதைப் பெறக் கட்டணம் கட்டுங்கள்" என்று இ-மெயில் வந்தால் அது மோசடி. ஆதார் எண், பேங்க் கணக்கு, செல்போனுக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றை யாரிடமும் சொல்லக் கூடாது. குடும்ப வரலாற்றுக்கு இவை எதுவும் தேவையே இல்லை. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம்.

அதேபோல் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, சின்னப் பிள்ளைகள் போட்டோ ஆகியவற்றை வெப்சைட்டில் போடக் கூடாது. பெரியவர்கள் சம்மதம் இல்லாமல் குடும்ப ரகசியத்தையும் ஊருக்குச் சொல்லக் கூடாது. இரண்டாம் தாரம், ஓடிப்போன கல்யாணம், தத்துப்பிள்ளை என்று எல்லா வம்சத்திலும் ஏதாவது இருக்கும்.

சாதி விவரமும் அப்படித்தான். கப்பல் ரெஜிஸ்தரில் குமாஸ்தா எழுதிய சாதி பல இடங்களில் தப்பாகவோ, மாற்றிச் சொன்னதாகவோ இருக்கும். அதை வைத்து 'நீங்க எங்க ஆள் இல்லை' என்று கதவைச் சாத்துவதில் அர்த்தம் இல்லை.

டி.என்.ஏ. பார்த்தால் தெரியுமா?

எச்சிலைக் குழாயில் அனுப்பி டி.என்.ஏ. பார்க்கும் முறை வெளிநாடுகளில் பிரபலம். இரண்டு பேர் ரத்த சொந்தமா என்று அது ஓரளவு சொல்லும். எந்த ஊர் என்று சொல்லாது.

நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதனால் தூரத்துச் சொந்தக்காரர் கூட நெருங்கிய சொந்தம் மாதிரி ரிசல்ட்டில் வந்துவிடும். 'மூன்றாம் தலைமுறை சொந்தம்' என்று கம்ப்யூட்டர் சொன்னால், அது ஐந்தாம் தலைமுறையாகக் கூட இருக்கலாம். பெயரும், ஊரும், சாமியும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் டி.என்.ஏ.வை மட்டும் நம்பி மரம் வரையக் கூடாது.

அக்கரையில் அக்கா, இக்கரையில் தம்பி

நூறு வருஷக் கதை ஒருபுறம் இருக்கட்டும். 50 வருஷத்துக்கு முன்பு பிரிந்த குடும்பங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

1964 அக்டோபர் 30-ந்தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் நாடில்லாமல் நின்ற மலையகத் தமிழர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்றும் முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கையைப் பிரித்தார்கள். அதோடு குடும்பங்களும் பிரிந்தன. தம்பிக்கு இந்திய பாஸ்போர்ட், அக்காவுக்கு இலங்கை பிரஜாவுரிமை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, திருச்சி, புதுக்கோட்டை, நீலகிரி என்று சிதறிப் போனார்கள். 1980-களில் சண்டை வந்து கப்பலும் நின்றது. கடிதப் போக்குவரத்தும் விட்டுப்போனது.

அப்படி வந்தவர்களிடம் பழைய பாஸ்போர்ட்டும், முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் இருந்தால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதில் உள்ள தோட்டத்தின் பெயரும், வந்த தேதியும் அக்கரையில் தேடுகிறவருக்குப் பெரிய துப்பு. 20 வயதில் கப்பல் இறங்கியவர்களுக்கு இப்போது 70 வயதுக்கு மேல். அக்கா முகத்தை நேரில் பார்த்த ஞாபகம் உள்ளவர்கள் அவர்கள்தான்.

தமிழக அரசும் 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தை 2023-ல் அறிவித்து, அயல்நாட்டில் வாழும் தமிழ் இளைஞர்களை இங்கே அழைத்து வந்து சுற்றிக் காட்டுகிறது. அரசாங்கம் தமிழ்நாட்டைக் காட்டலாம். 'இதுதான் உங்க பூட்டன் வீடு இருந்த இடம்' என்று காட்ட ஊர்க்காரரால்தான் முடியும்.

இன்றைக்கே செய்யலாம்

பெரிய செலவு இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து அப்பா வழியில் நாலு தலைமுறை, அம்மா வழியில் நாலு தலைமுறை பெயர் கேட்டு எழுத வேண்டும். கப்பல் ஏறிப் போனவர் யாராவது உண்டா, போய் வராதவர் யார் என்று தனியாகக் கேட்க வேண்டும். குலதெய்வம், அது இருக்கும் ஊர், பழைய வீட்டு அடையாளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளைகளிடம் கொடுத்து, இலவச வெப்சைட் ஒன்றில் இறந்தவர்கள் பெயரை மட்டும் ஏற்றச் சொல்லலாம்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சொல்லப்படுவது இந்தக் கொடும்பாளூர்தான். வழிப்போக்கருக்கு வழி சொல்வது அந்தக் காலத்தில் இருந்தே இந்த ஊர்ப் பக்கம் இருக்கும் பழக்கம். டர்பனில் இருந்தோ மாத்தளையில் இருந்தோ ஒருவர் "எங்க ஊர் எது?" என்று கேட்கும்போது, "தெரியலையேப்பா, ஆனா கேட்டுச் சொல்றோம்" என்று ஒரு வரி பதில் போட்டாலும் அவருக்கு அது பெரிய விஷயம்.

மூவர் கோவில் கல்வெட்டில் போன பெயரை இனி யாரும் சொல்ல முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிந்த பெயரை இன்று ராத்திரியே கேட்டு எழுதிவிடலாம்.